சந்தனம் வைத்த இடம்

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. இத்தனை பெரிய பனியன் கம்பெனியில் பொட்டு வைக்க என்னை விட்டால் ஆள் இல்லையாம். ஆபீஸில் உட்கார்ந்து மெயில் அடிக்கிறவளுக்கு இந்த ஒரு நாளாவது உடம்பு வளையட்டும் என்று பி.எம். தனசேகர் சார் சிரித்துக்கொண்டே சொன்னார். பி.எம். என்றால் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.

நேற்றே என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் மற்ற மெக்கானிக்குகளும் எல்லா மெஷினையும் கழற்றிப் பிரித்து, டீசல் போட்டுத் துடைத்து, மாட்டி வைத்துவிட்டார்கள். தையல் மெஷின்களுக்குத் தலையில் ஒரு பொட்டு. கடைசியில் பட்டன் மெஷின்கள் நான்கு. குழந்தைத் துணிக்கு இரும்புப் பட்டன் அடிக்கிறவை. காலால் மிதித்தால் மேலிருந்து சுத்தியல்போல் ஒரு துண்டு இறங்கும். விரல் அதற்கடியில் போகாமலிருக்க மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு கவர் உண்டு. மூன்று மெஷினுக்கு அந்தக் கவர் மேலேயே வைத்தேன். மஞ்சளுக்கு மேல் மஞ்சள், இருப்பதே தெரியவில்லை. நான்காவதற்கு இரும்பிலேயே வைத்தேன், எடுப்பாக இருந்தது.

அதை ஓட்டும் மயிலாத்தாள் பக்கத்திலேயே நின்றாள். "என்ற மெஷினுக்கு நல்லாப் பெருசா வெய்யிங்கக்கா. சோறு போடற சாமி" என்றாள். கட்டைவிரலை அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள். ஃபோனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவதால் யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் வியர்த்த மூஞ்சி ஊர் பூரா சுற்றியிருக்கும்.

அக்டோபர் 12, சனி

விடுமுறை. பொரி, கடலை, சுண்டல். அவர் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். மெஷின் சாமான் கடைக்காம். விஜயதசமி அன்றைக்கு எந்தக் கடைக்காரன் ஷட்டரைத் தூக்குவான்? வெறுங்கையோடு திரும்பி வந்து, சுண்டலைக்கூடத் தொடாமல் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். அவர் பேன்ட் பையில் மஞ்சள் பிளாஸ்டிக் சில்லு ஒன்றும் திருகாணி ஒன்றும் இருந்தன. என்னதென்று கேட்டேன். வெடுக்கென்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "உனக்கெதுக்கு?" என்றார். கோபம் வரவேண்டியது எனக்கு. மறுபடி டவுனுக்குப் போனார், மறுபடி வெறுங்கை.

சாயங்காலம் சுபிக்ஷா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். நர்சிங் படிப்பில் எல்லாமே இங்கிலீஷாம். எனக்கும்தான் எல்லாமே இங்கிலீஷ் என்றேன். பி.காம். தமிழ் மீடியத்தில் முடித்தவள் பெங்களூருக்கு மெயில் எழுதிக் காலம் தள்ளுவதைப் பெற்ற மகளாவது மெச்சிக்கொள்ள வேண்டும். அவள் சிரித்தாள்.

அக்டோபர் 14, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

பூஜைக்குப் பிறகு முதல் நாள். தீபாவளிக்கு முன் ஏற்றவேண்டிய சரக்கு என்பதால் மணி அடித்ததும் எல்லா லைனும் ஓடத் தொடங்கிவிட்டது. டீ நேரத்துக்கு முன்பு கீழே ஒரு சத்தம், பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இறங்கி ஓடினேன். மயிலாத்தாள் இடது கையை முந்தானையில் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குழந்தைச் சட்டை ஒன்று அப்படியே மெஷினில் சிக்கியிருந்தது.

வேனில் நான்தான் கூடப் போனேன். கம்பெனியில் முதலுதவி செய்யத் தெரிந்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான், அவரும் வருவார் என்று பார்த்தேன். ஸ்விட்ச் பெட்டி ஓரமாக நின்றவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. பி.எம். அவரைத் தோளில் தொட்டு, மெஷினைப் பார்க்கச் சொல்லி நிறுத்திவிட்டார்.

சுட்டுவிரல் முதல் கணுவோடு போய்விட்டது. டாக்டர் நல்ல மனுஷர், மெதுவாகச் சொன்னார். மயிலாத்தாள் கேட்டது ஒன்றே ஒன்று. மறுபடி பட்டன் அடிக்க முடியுமா?

அக்டோபர் 15, செவ்வாய்

யாருக்காவது அடிபட்டால் சரக்கு வாங்குகிற கம்பெனியின் பெங்களூர் ஆபீஸுக்கு இங்கிலீஷில் அறிக்கை அனுப்ப வேண்டும். எழுதினேன். தி கவர் வாஸ் ரிமூவ்டு. தி ஆபரேட்டர் ஸாட் டௌன். தி ஃபிங்கர் வாஸ் இஞ்சூர்டு. மூன்றும் நடந்தவை, மூன்றுமே இறந்த காலம். பி.எம். படித்துப் பார்த்து, "போதும், ரொம்ப இழுக்காதீங்க" என்று அனுப்பச் சொன்னார்.

கவர் எப்படிக் கழன்றது என்று கேட்டேன். அதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். இப்போது அந்த மெஷினில் புதுக் கவர் மாட்டியாகிவிட்டது. பக்கத்து யூனிட்டிலிருந்து வாங்கி வந்தார்களாம். மெஷினும் பளபளவென்று இருக்கிறது, டீசல் வாசனை இன்னும் போகவில்லை.

வீட்டில் ரசம் வைத்தேன். அவர் தட்டில் ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

பெங்களூரிலிருந்து நீரஜா மேடம் பதில் போட்டிருக்கிறார். அவர்தான் எங்கள் கம்பெனி போன்ற இடங்களுக்கு வந்து பாதுகாப்பு பார்த்துவிட்டுப் போகிறவர். என் அறிக்கையை வைத்து எது முதலில் நடந்தது என்றே தெரியவில்லையாம். ஆபரேட்டர் உட்கார்வதற்கு முன்பே கவர் இல்லையா, உட்கார்ந்த பிறகு கழற்றினாளா, யார் கழற்றியது? அடுத்த வாரம் நேரிலேயே வருகிறார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று வாக்கியத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் சொல்வது சரிதான். முன்னும் பின்னும் இல்லாமல் மூன்றும் ஒரே தட்டில் கிடந்தன.

சுபிக்ஷாவுக்கு ஃபோன் போட்டேன். ரெண்டு விஷயம் நடந்திருந்தா, முன்னாடி நடந்ததுக்கு ஹேட் போடும்மா என்றாள். பின்னாடி நடந்தது சும்மா இருக்கட்டும். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதானாம். தமிழில் நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். 'நான் போனபோது பஸ் போயிருந்தது' என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்த 'போயிருந்தது'தான் ஹேட். இது தெரியாமல் இத்தனை வருஷம் மெயில் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட வீம்பாக இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

பயிற்சி.

பால்காரர் வந்தபோது நான் கோலம் போட்டிருந்தேன். வென் தி மில்க்மேன் கேம், ஐ ஹேட் டிரான் தி கோலம்.

நான் எழுந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். வென் ஐ வோக் அப், ஹி ஹேட் கான்.

நான் சோறு போட்டபோது அவர் தூங்கியிருந்தார். வென் ஐ சர்வ்டு, ஹி ஹேட் ஸ்லெப்ட்.

கடைசி வாக்கியத்துக்கு 'ஃபாலன் அஸ்லீப்' என்று வரவேண்டும் என்றாள் சுபிக்ஷா. ஏம்மா எல்லா வாக்கியத்திலயும் அப்பா உன்கிட்டப் பேசாமயே போறாரு என்றும் கேட்டாள். வேறு உதாரணம் கிடைக்கவில்லை என்றேன்.

அக்டோபர் 19, சனி

மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, லைன் வீடு. புருஷன் இல்லை, மாமியாரும் இவளும்தான். நான் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் காபி போட எழுந்தாள். உட்காரச் சொல்லி நானே போட்டேன்.

பி.எம். ஆள் அனுப்பியிருக்கிறார். கவர் இருந்தால் கை சீக்கிரம் ஓடாது என்று அவளே கழற்றிவிட்டாள் என்று எழுதப்போகிறார்களாம். ஒத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள், வேலை மட்டும் கிடையாது. அப்படி ஒரு பேர் வாங்கிக்கொண்டு வெளியே போனால் இந்த ஏரியாவில் எந்தக் கம்பெனி கேட் அவளுக்குத் திறக்கும்? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

"நான் உக்காரும்போதே அது இல்லீங்கக்கா. நோம்பிக்குத் தொடைச்சாங்கல்ல, மாட்ட மறந்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். லைன் ஓடுது, எந்திரிச்சுப் போயிக் கேக்க முடியுங்களா?" என்றாள். பிறகு, "நீங்கதானக்கா இங்கிலீசுல எழுதறீங்க. இருந்ததை எழுதுங்க, அது போதும்" என்றாள்.

இருந்ததை எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாவு அரைத்தேன். பரணைத் துடைத்தேன். அவர் நாள் பூரா வண்டியைப் பிரித்துப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

பி.எம். கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அவரே இங்கிலீஷில் எழுதியிருந்தார், பிழை பார்க்க வேண்டுமாம். தி ஆபரேட்டர் ஹேட் ரிமூவ்டு தி கவர் பிஃபோர் ஷி ஸ்டார்ட்டட் ஒர்க். இலக்கணத்தில் ஒரு சுண்டு விரல்கூட வைக்க முடியாது.  ஹேட் போட்டால் உண்மை வரிசையில் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். பொய்யும் அதே மாதிரி சமர்த்தாக முன்னால் போய் நின்றுகொள்கிறது.

இதில் பிழை இல்லை சார், ஆனால் நடந்தது இது இல்லை என்று மயிலாத்தாள் சொல்கிறாள் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்க செட்டை மூடிட்டு நடுத்தெருவுல நின்னப்ப ரெண்டு பேருக்கும் வேலை போட்டுக் குடுத்தது யாரும்மா? நாச்சிமுத்துவைக் கேட்டுப் பாருங்க. அவனுக்கு எல்லாந் தெரியும்."

நடுத்தெருவில் நின்றது உண்மை. சின்னதாக ஒரு செட்டில் பத்து மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஓட்டி, நூல் விலை ஏறி, எல்லாவற்றையும் விற்றோம். வேலை போட்டுக் கொடுத்தது இவர்தான். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும் காதில் நின்றது. என் வீட்டுக்காரருக்கு என்ன எல்லாம் தெரியும்?

வெளியே வந்து நேராகப் பட்டன் மெஷின்களிடம் போனேன். முதல் மூன்றிலும் நான் வைத்த பொட்டு மஞ்சள் கவர் மேல் காய்ந்து, ஓரம் உதிர்ந்து இருந்தது. நான்காவதில் பொட்டே இல்லை. புதுக் கவர், எப்படி இருக்கும்? ஆனால் நான் கவரில் வைக்கவில்லையே. பெரிதாக வைக்கச் சொன்னாள். கட்டைவிரலை அழுத்தி வைத்தேன், இரும்பில். சில்லென்று இருந்தது இப்போதும் விரலுக்குத் தெரிகிறது. அன்றைக்கே கவர் இல்லை. கழற்றியிருந்தது. மயிலாத்தாள் திங்கட்கிழமை வந்து உட்கார்வதற்கு முன்பே, பூஜைக்கும் முன்பே, கழற்றியிருந்தது.

அங்கேயே நின்று யோசித்தேன். யாரும் துடைக்காமல் இருந்தால் அந்தப் பொட்டு கவருக்கு அடியில் இருக்கும். இருந்தாலும் அது பாதியைத்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை கழன்றிருந்தது சரி, திங்கட்கிழமை காலையில் மாட்டினோம், பிறகு இவள்தான் கழற்றினாள் என்று சொல்லிவிடலாம். மீதிப் பாதியைச் சொல்லக்கூடியவர் ஒருத்தர்தான். பேன்ட் பையில் மஞ்சள் சில்லோடு இரண்டு நாள் பூட்டிய கடைகளுக்கு முன்னால் போய் நின்றவர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டேன். முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார். வியாழக்கிழமை துடைக்கும்போது கவர் அவர் கையிலிருந்து விழுந்து உடைந்திருக்கிறது. ஸ்டோரில் வேறு இல்லை. திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பு பி.எம்.மிடம் சொல்லியிருக்கிறார். இதுக்காக லைனை நிறுத்த முடியுமா, ஓட்டுங்க, சாயங்காலம் பார்க்கலாம் என்றாராம்.

"அப்ப இதை அந்த மேடத்துகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"ஒடச்சது நானு புள்ள."

"ஓட்டச் சொன்னது அவருங்க."

"அவரு இல்லீன்னா நாம ஏது?" என்று எழுந்துவிட்டார்.

நானும் எழுந்தேன். "அந்தம்மா வர்றன்னிக்கு அவங்க பேசறதை இவங்களுக்கும், இவங்க பேசறதை அந்தம்மாளுக்கும் நாந்தான் சொல்லோணும். நீங்க சொன்னதைச் சொல்லுவேன். சொல்லாததை ஒரு வார்த்தகூடச் சேர்க்க மாட்டேன். பாத்துக்குங்க" என்றேன். நடுங்காமல் சொன்னேன். பிறகு குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

தாளை பி.எம்.மிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிழை இல்லை என்று சொன்னேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். சாட்சிக்கு என் கையெழுத்து வேண்டுமாம். முறைத்தார். வேலை போனால் போகட்டும். மெயில் அடிக்கிற கை இட்லி சுட்டும் பிழைக்கும்.

அக்டோபர் 23, புதன்

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இட்லி நன்றாக வந்திருந்தது, அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நீரஜா மேடம் வந்தார். சின்ன உருவம், காட்டன் புடவை, கேள்விக்கு நடுவே சிரிக்காத ஆள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பி.எம். தன் தாளைக் கொடுத்தார். அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மெஷினைக் காட்டுங்கள் என்றார். மயிலாத்தாளையும் வரவழைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். எங்கள் வீட்டுக்காரர் டூல்ஸ் பெட்டியோடு பின்னால்.

மேடம் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். மயிலாத்தாள் தன் வீட்டில் என்னிடம் சொன்னதுபோலவே சொன்னாள், ஒரு சொல் மாறவில்லை. நான் இங்கிலீஷில் சொன்னேன். வென் ஷி ஸாட் டௌன், தி கவர் ஹேட் ஆல்ரெடி பீன் ரிமூவ்டு. வாயில் வராது என்று பயந்துகொண்டிருந்த வாக்கியம் கடகடவென்று வந்துவிட்டது.

பி.எம். குறுக்கே பேசினார். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள யாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

இந்தக் கவரை ஒரு தரம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். இங்கிலீஷில் அதை எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏன் என்று மேடம் கேட்டார். கழற்றினால் தெரியும் என்றேன். இருக்குமா, துடைத்திருப்பார்களா என்று எனக்கே தெரியாது. பி.எம். கையை அசைத்தார், இதெல்லாம் எதற்கு என்பதுபோல. மேடம் மெக்கானிக்கைப் பார்த்தார்.

அவர் மண்டி போட்டு உட்கார்ந்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். கவர் கையோடு வந்தது. உள்ளே இரும்பு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். என் கட்டைவிரல் ரேகைகூட அப்படியே இருந்தது. மயிலாத்தாளின் கை தானாகக் கும்பிடப் போனது, கட்டு தடுத்தது.

இது என்ன என்றார் மேடம். ஆயுத பூஜையைச் சொன்னேன். வருஷத்தில் ஒரு நாள்தான் வைப்போம், இதை வைத்தது நான், வைத்தது இரும்பின் மேல் என்றேன். மற்ற மூன்றில் கவர் மேல் இருந்த பொட்டுகளைக் காட்டினேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று மெஷினுக்கு வெளியே, ஒரு மெஷினுக்கு உள்ளே. புரிந்தது. அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

பி.எம். கெட்டிக்காரர். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை கழற்றியிருந்தது உண்மைதான், திங்கட்கிழமை காலையிலேயே மாட்டிவிட்டோம், அதற்குப் பிறகு இந்தப் பெண் கழற்றியிருக்கிறாள் என்றார். நான் எதிர்பார்த்த அதே வார்த்தை. மேடம் என்னிடம் திரும்பி, மெக்கானிக்கைக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். மரியாதையாக, வேற்று ஆளைக் கேட்பதுபோலக் கேட்டேன். "திங்கக்கெழமை காலைல கவர் மாட்டியிருந்துச்சுங்களான்னு கேக்கறாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கவரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.  நான் வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் பொய். திட்டிக்கொண்டிருந்தேன், மனசுக்குள். பேசு மனுஷா, பேசு.

"இல்லீங்க" என்றார். "தொடைக்கையில எங்கையிலிருந்து உழுந்து ஒடஞ்சு போச்சுங்க. வேற கெடைக்கலீங்க. திங்கக்கெழமை மணி அடிக்கறக்கு முன்னாலயே பி.எம். சார்கிட்டச் சொன்னனுங்க. ஓட்டுங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்னாருங்க." நிறுத்தினார். மயிலாத்தாளை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். சொல்லலீங்க."

இனி என் வேலை. சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. ஹி ஹேட் புரோக்கன் இட். ஹி ஹேட் டோல்டு தி மேனேஜர். ஹி ஹேட் நாட் டோல்டு தி ஆபரேட்டர். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. இருந்தாலும் முடித்தேன். தென் ஷி ஸாட் டௌன்.

மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்றார்.

"மை ஹஸ்பண்ட்" என்றேன்.

மேடம் மேஜைக்குத் திரும்பிப் போய், கவிழ்த்து வைத்திருந்த தாளை எடுத்து மடித்து பி.எம்.மிடமே கொடுத்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

பி.எம்.மைத் தலைமை ஆபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். மயிலாத்தாளுக்குத் தவறு அவளுடையது அல்ல என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கை ஆறியதும் செக்கிங் டேபிளில் வேலை. அந்த இங்கிலீஷ் தாளை நான்தான் தட்டினேன். இரண்டு இடத்தில் ஹேட் வந்தது, இரண்டும் சரி.

வாசலில் மயிலாத்தாளைப் பார்த்தேன். கும்பிடுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. "அண்ணன் அன்னைக்குக் காலைலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையை எட்ட வெச்சு ஓட்டியிருப்பனேக்கா" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் விரலுக்கு எந்தத் தாளும் பதில் ஆகாது.

ஆனாலும் இன்று நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன். விட்டுக்கொடுக்காமல் நின்று அவரைப் பேச வைத்துவிட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

முறுக்கு சுட்டேன். அவர் பிழிந்து கொடுத்தார். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் குறைவு. பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. சுபிக்ஷா வந்துவிட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத் துணி உடுத்தி, பலகாரத் தட்டோடு மயிலாத்தாள் வீட்டுக்கு மூன்று பேரும் போய் வந்தோம். அவர் உள்ளே போகத் தயங்கினார். மாமியார்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். மயிலாத்தாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் காபி டம்ளரை அவருக்குத்தான் முதலில் நீட்டினாள்.

திரும்பி வரும்போது நான் பெருமை பீற்றிக்கொண்டேன். மகளிடம் அன்றைய கதையைச் சொல்லி, அவ்வளவு தேய்த்துத் தேய்த்துத் துடைத்தவர்கள் என் பொட்டை மட்டும் பார்க்காமல் விட்டார்கள் பார், கடவுள் இருக்கிறார் என்றேன்.

அவர் வண்டியை மெதுவாக்கினார்.

"யாரும் பாக்காம உடல. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வேன் போனதும், மெசினை மொத்தமாத் தொடச்சுப் புதுக் கவரு மாட்டச் சொன்னாரு. எல்லாத்தையுந் தொடச்சேன். அதைத் தொடைக்கல."

ஏன் என்று கேட்டேன்.

"நீ வெச்ச பொட்டு இரும்பு மேல இருக்குது. அதுமேல கவரை மாட்டுனா, என்னைக்காச்சு கழட்டறவனுக்குத் தெரிஞ்சு போயிரும். தெரியட்டும்னு உட்டேன்" என்றார். பிறகு, "வாயில சொல்லத்தான் தெம்பு வரல" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பதினான்காம் தேதியே விட்டுவைத்திருக்கிறார். நான் அவரை எதிரே உட்கார வைத்து அதட்டியது இருபத்தொன்றாம் தேதி. இத்தனை நாள் வரிசையை மாற்றிப் போட்டு, பேச வைத்தது நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன்.

திருத்தி எழுதுகிறேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் அதை விட்டுவைத்திருந்தார். பிஃபோர் ஐ ஆஸ்க்டு ஹிம், ஹி ஹேட் லெஃப்ட் இட் தேர்.

சுபிக்ஷா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். இதை அவளிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டியதில்லை.